டபுள் பெல் வாங்கிய ஆமாம்

அந்தச் சின்னப் பல்கலைக்கழகத்தின் கேட்டோடு ஊர் முடிந்துவிடும், பஸ்ஸும் முடிந்துவிடும். கேட்டுக்கு எதிரே சிமெண்டில் ஒரு வட்டம் இருக்கிறது. பஸ் அதைச் சுற்றி வந்து நின்று, மாணவர்களை உதிர்த்துவிட்டு, காலியாகத் திரும்பிப் போகும். அந்தத் தடத்தில் கண்டக்டராக இருந்தவள்தான் டபுள் பெல்.

ஒரு மணி அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். இது எல்லாக் கண்டக்டருக்கும் உள்ளதுதான். இவள் விஷயம் என்னவென்றால், வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்காது. யாராவது பேச்சை இழுத்தடித்தால் மேஜையில் விரலால் இரண்டு தட்டு. கடைக்காரர் சில்லறை தேடித் தடவினால் கல்லாப்பெட்டி மேல் இரண்டு தட்டு. ‘சரி, போகலாம்’ என்று அர்த்தம். பஸ்ஸில் வந்த மாணவர்கள் வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யோசித்துத் திரும்புவாள். டபுள் பெல் என்றால் சட்டென்று திரும்புவாள்.

காலை பஸ்ஸில் ஏறுகிற பிள்ளைகளின் வாயில் எப்போதும் ஒரு வாதம் இருக்கும். கடவுளுக்கு நாளை நடக்கப்போவதும் தெரியும் என்றால், நான் இன்றைக்கு முடிவெடுக்கிறேன் என்பது வெறும் நடிப்பா? பசித்தவன் ரொட்டியை எடுத்தால் அது திருட்டா? டிக்கெட் கிழித்துக்கொண்டே அவள் காதைத் தீட்டிக்கொள்வாள். விஷயம் சூடுபிடிக்கிற நேரம் பார்த்து பஸ் வட்டத்தைச் சுற்றும். திபுதிபுவென்று இறங்கிப் போய்விடுவார்கள். சாயங்காலம் மிச்சத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்றால், பாதிப்பேர் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்குவார்கள், மீதிப்பேர் போனுக்குள் இருப்பார்கள்.

“தம்பி, காலையில அந்த ரொட்டி விஷயம் என்னாச்சு?”

“எந்த ரொட்டி, அக்கா?”

“அதான்ப்பா, பசிக்குதுன்னு எடுத்தானே.”

“ஓ, அதுவா? ஃபாதர் சொல்லிட்டார்க்கா. அது பெரிய கதை.” சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வான்.

இப்படியே வருஷக்கணக்கில் எல்லா வாதத்துக்கும் தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாலை ஒருநாளும் பார்த்ததில்லை. பஸ்ஸில் டிக்கெட்டுக்கு மெஷின் வந்து, விருப்பப்பட்டவர்கள் விலகிக்கொள்ளலாம் என்று கம்பெனி சொன்னபோது, கூட வேலை பார்த்தவர்கள் கடை வைத்தார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போனார்கள். இவள் அந்த கேட்டுக்குள் நுழைந்து தத்துவப் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் கணவர் லேத் பட்டறைக்காரர். இரும்பைக் கடைந்து கடைந்து, பேச்சையும் தேவைக்கு மேல் உள்ளதைச் சீவி எறிந்துவிட்டுத்தான் வெளியே விடுவார்.

“படிச்சு?”

“படிச்சுன்னா?”

“என்ன பண்ணுவே?”

“நீங்க இத்தனை வருஷமா ரேடியோவுல பாட்டு கேக்கறீங்களே, கேட்டு என்ன பண்ணுனீங்க?”

அவர் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அவளோடு வாதாடி ஜெயித்தவர் அந்தத் தெருவிலேயே கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

*

ஒரு காலத்தில் மடமாக இருந்த மூன்று மாடிக் கட்டடம், பக்கத்தில் ஒரு சிற்றாலயம், பின்னால் தகரக்கூரை போட்ட கேண்டீன். பல்கலைக்கழகம் என்பது அவ்வளவுதான். மாடிப்படியின் நடுவில் கால்கள் பட்டுப் பட்டுப் பள்ளம் விழுந்திருக்கும். முதல் மாடியில் ஒருவர் தும்மினால் மூன்றாம் மாடியிலிருந்து மருந்து சொல்வார்கள். மொத்த மாணவர்களையும் அவள் பஸ்ஸின் நாலைந்து நடையில் ஏற்றி முடித்துவிடலாம்.

தத்துவம் நடத்திய குருவுக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘அதாவது ஃபாதர்’. ‘அதாவது’ இல்லாமல் அவருக்கு வாய் திறக்காது. அவளைவிட வயதில் நன்றாகச் சின்னவர். ஒல்லியாக, அங்கியின் கைகளில் எப்போதும் சாக்பீஸ் தூளோடு இருப்பார். வகுப்பில் அவர் கேட்கிற கேள்விக்கு அவள் எழுந்து நின்று பதில் சொல்வாள், வகுப்பு முடிந்ததும், “இன்னிக்கும் காலையில சாப்பிடலையா ஃபாதர்? சத்தமே வரல” என்று அதட்டுவாள்.

உச்சிப்பொழுதில் ஆலயமணி அடிக்கும். ஃபாதர் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை அந்தச் சொல்லிலேயே நிறுத்துவார். எல்லோரும் எழுந்து நின்று ஜெபம் சொல்வார்கள். உட்கார்ந்ததும், விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து ஃபாதர் தொடர்வார். முதல்நாள் இதைப் பார்த்தபோது டபுள் பெல்லுக்குப் புல்லரித்துவிட்டது. வாதம் பாதியில் நின்றது, ஆனால் யாரும் இறங்கிப் போகவில்லை! ஜெபத்தைவிட அதற்குப் பின்னால் வருகிற அந்த அடுத்த சொல்லுக்காகத்தான் அவள் மணிச்சத்தத்தை எதிர்பார்த்திருப்பாள்.

எல்லாம் சரி. ஒன்றே ஒன்று மட்டும் அவளுக்கு ஏறவில்லை.

அந்த இடத்தில் ஒரு பழைய வழக்கம் இருந்தது. யாரையும் மறுத்துப் பேசலாம், ஃபாதரையும் மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்கு முன்னால், எதிராளி சொன்னதை நம் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சொன்னதைவிடக் குறைத்துச் சொல்லக்கூடாது. முடிந்தால் அவரைவிட நன்றாகவே சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு அவர், “ஆமாம், அதுதான் நான் சொன்னது” என்று வாய்திறந்து சொன்னால்தான் நாம் மேலே பேசலாம். தலையாட்டினால் செல்லாது. ‘இல்லை’ என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மாணவர்கள் இதற்கு ‘ஆமா வாங்குறது’ என்பார்கள். காதலித்தவன்கூடக் கேண்டீனில் நண்பனிடம் வந்து, “இன்னும் ஆமா வாங்கலடா” என்பான்.

படிப்பின் கடைசியில் ஒவ்வொருவரும் தான் நம்புகிற ஒரு கூற்றை எடுத்துக்கொண்டு மேடையேற வேண்டும். ஒரு எதிராளி நிற்பார். அவரிடம் ஆமா வாங்கி, பதிலும் சொல்ல வேண்டும். வாங்காதவருக்குப் பட்டம் இல்லை. ஒருமுறை தவறினால் அடுத்த வருஷம் இன்னொரு வாய்ப்பு; அதிலும் தவறினால் படித்ததெல்லாம் படித்ததோடு சரி.

டபுள் பெல்லுக்கு நாக்கு ரம்பம். டிக்கெட் எடுக்காதவனையும், படியில் தொங்குகிறவனையும், தூங்குகிற மாதிரி நடிக்கிறவனையும் ஒரே மூச்சில் திட்டிச் சமாளித்த நாக்கு. எதிராளி வாயை மூடுவதற்குள் இவள் பாதிப் பதில் சொல்லியிருப்பாள். பழகிப் பார்க்கலாம் என்று வீட்டில் ஆரம்பித்தாள்.

“சாப்பாட்டுல உப்பு கம்மி” என்றார் கணவர்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அதாவது, படிக்கப் போனதுலேருந்து எனக்கு வீட்டு மேல அக்கறை இல்லன்னு சொல்றீங்க.”

“உப்பு கம்மின்னு சொன்னேன்.”

“அதாவது, எங்க அம்மா எனக்குச் சரியா சமைக்கச் சொல்லித் தரலன்னு...”

“உப்பு எங்க இருக்குன்னு சொல்லு, நானே போட்டுக்கறேன்.”

முதல்முறை மேடையேறியபோது இதேதான் நடந்தது. எதிராளியாக நின்றவள் கூடப் படித்த ஒரு பெண். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள் என்பதால் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடி’. அவள் ‘இல்லை’ என்று சொல்லச் சொல்ல, டபுள் பெல் குரலை உயர்த்த உயர்த்த, நேரம் முடிந்துவிட்டது. அரங்கில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

*

கோளாறு நாக்கில் மட்டும் இல்லை. அவள் எடுத்துக்கொண்ட கூற்று அப்படி: ‘பெற்றவரைப் பிறர் கையில் விடுவது பிள்ளைகளுக்கு அறம் அல்ல.’

அது புத்தகத்திலிருந்து எடுத்த கூற்று இல்லை. அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தபோது அவர் இருந்தது தங்கை வீட்டில். டபுள் பெல்லின் வீடு மாடியில். அவரை ஏற்ற முடியாது. அவளுக்கு வேலையும் இரண்டு ஷிஃப்ட். ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துப் பார்த்த தங்கை, அக்காவை ஒரு வார்த்தை கேட்காமல், கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் ஒருநாள் அப்பாவைச் சேர்த்துவிட்டாள். “நீ அவரைத் தள்ளிவிட்ட இடத்து வாசலை நான் மிதிக்க மாட்டேன்” என்று போனில் கத்தினாள் அக்கா. மிதிக்கவும் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியதாக அவளுக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. சில மாதங்களில் அப்பா அங்கேயே போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்று அக்கா பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்றாள், தங்கை அந்தப் பக்கம் நின்றாள். அதன் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

“அதாவது, தலைப்பை மாத்திக்கலாமே” என்றார் ஃபாதர், இரண்டாம் வாய்ப்பு வருவதற்கு முன்னால். “உங்களுக்குப் பிடிச்சது எவ்வளவோ இருக்கு. அந்த ரொட்டி விஷயம்...”

“மாத்த மாட்டேன் ஃபாதர்.”

“தோத்தா பட்டம் போயிடும்.”

“போகட்டும். ஆனா தோக்க மாட்டேன். நான் சொல்றது சரி.”

“சரியா இருக்கறது போதாதே. அதாவது...” என்று ஆரம்பித்தவர், அவள் விரல் மேஜையை நோக்கிப் போவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடி இப்போது அங்கேயே மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் நானே எதிராளியாக நிற்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். மத்தியான இடைவேளையில் இருவரும் கேண்டீனின் மூலை மேஜையில் ஒத்திகை பார்ப்பார்கள்.

“ஒருத்தருக்குத் தேவையான கவனிப்பை என்னால குடுக்க முடியலன்னா, குடுக்கத் தெரிஞ்சவங்ககிட்ட சேர்க்கறதும் அன்புதான்” என்றாள் கண்ணாடி. “இல்ல, நானேதான் பாத்துக்குவேன்னு பிடிச்சு வச்சிருக்கறது சில நேரம் அவங்களுக்காக இல்ல, நம்ம பெருமைக்காக.”

“சரி. அதாவது, கஷ்டமா இருந்தா தள்ளி விட்டுடலாம்னு சொல்ற.”

“இல்லக்கா.”

“அதாவது, பெத்தவங்க ஒரு மூட்டை. இறக்கி வச்சா தோளுக்கு நல்லது.”

“இல்லவே இல்ல.”

“அதாவது, பண்றதைப் பண்ணிட்டு அதுக்கு அன்புன்னு பேர் வச்சுக்கலாம்.”

பக்கத்து மேஜைப் பையன்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்கள். கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். “அக்கா, நீங்க என்கிட்ட பேசல. எனக்குப் பின்னாடி யாரோ நிக்கறாங்க. அவங்ககிட்ட பேசறீங்க.”

டபுள் பெல்லின் நாக்கு ரம்பத்துக்கு அன்றைக்குப் பல் இல்லை.

“நான் படிச்சதைச் சொல்றேன்” என்றாள் கண்ணாடி. “அவங்க செஞ்சவங்க. யாருன்னு எனக்குத் தெரியாது. அவங்ககிட்ட போய் ஆமா வாங்கிட்டு வாங்க. அதுக்கப்புறம் என்கிட்ட வாங்கறது சும்மா.”

“செத்தாலும் அவ வீட்டுப் படி ஏற மாட்டேன்.”

“அப்போ பட்டம்?”

அந்த வாரக் கடைசியில் டபுள் பெல் பஸ் ஏறினாள். வேலையை விட்ட நாளிலிருந்து அவள் பஸ்ஸில் உட்கார்ந்ததே இல்லை. இடம் காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அன்றைக்கு உட்கார்ந்தாள்.

*

கதவைத் திறந்த தங்கை ஈரக்கையோடு நின்றாள். உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

“சண்டைக்கு வரல” என்றாள் அக்கா. “பரீட்சைக்கு வந்திருக்கேன்.”

“என்னது?”

“அப்பாவை ஏன் அங்க கொண்டுபோய்ச் சேர்த்தேன்னு நீ சொல்லணும். நான் அதைத் திருப்பிச் சொல்லுவேன். சரியா சொன்னேன்னா நீ ஆமான்னு சொல்லணும். அவ்வளவுதான். போயிடுவேன்.”

தங்கை அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அடி அக்கா, படிச்சுப் படிச்சு மூளை கலங்கிடுச்சா?”

“கலங்கினா கலங்கட்டும். சொல்லு.”

சமையலறை மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் குளியலறைக் கதவு தெரியும். உள்ளே சுவரில், அப்பா பிடித்துக்கொண்டு எழுவதற்காகப் பொருத்திய இரும்புக் கம்பி இன்னும் இருந்தது. அதில் இப்போது துண்டு காய்ந்துகொண்டிருந்தது. கம்பியைப் பட்டறையில் கடைந்து கொண்டுவந்து பொருத்தியவர் தன் கணவர்தான் என்பது டபுள் பெல்லுக்கு நினைவு வந்தது. அவர் வந்திருக்கிறார், நான் வந்ததில்லை.

“என்னால முடியல” என்றாள் தங்கை. “அதான்.”

“அதாவது, உனக்கு அலுத்துப்போச்சு.”

“இல்ல. எந்திரி, போ.”

“மறுபடி சொல்றேன். அதாவது, ரொம்ப நாள் பாத்துட்டோம், போதும்னு...”

“இல்லன்னு சொல்றேன்ல? உனக்கு அந்த ஒரு பாட்டுதான் தெரியுமா?” தங்கை குளியலறைப் பக்கம் கையை நீட்டினாள். “கீழ போட்டுட்டேன்க்கா. அப்பாவை. அந்தக் கம்பிகிட்டயே. என் கையிலேருந்து வழுக்கிட்டார். தலையில அடி. அவர் ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு என்னைச் சமாதானப்படுத்தறார். அதுக்கப்புறம் அவரைத் தூக்கப் போனாலே கை நடுங்கும். நான் நடுங்கறது அவருக்குத் தெரியும். தாகமா இருந்தாக்கூட தண்ணி கேக்க மாட்டார். குடிச்சா பாத்ரூமுக்கு நான் மறுபடி தூக்கணுமே.”

டபுள் பெல்லின் விரல் மேஜையில் இருந்தது. தட்டவில்லை.

“அங்க ரெண்டு பேர் சேர்ந்து தூக்குவாங்க. பழகின கை. நான் சாயங்காலம் போய்ப் பக்கத்துல உக்காருவேன். அங்க போனதுக்கப்புறம்தான் நாங்க பேசவே ஆரம்பிச்சோம். வீட்ல இருந்தவரைக்கும் தூக்கறது, துடைக்கறது, துணி மாத்தறது. அப்பாவும் பொண்ணுமா இருக்கவே நேரமில்ல.”

வெளியே யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். அக்கா மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைப்பதுபோல் ஆரம்பித்தாள்.

“உன் கை நடுங்கறது அவரை விழவச்சுடும்னு பயந்தே. உன்னைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு அவர் தாகத்தை அடக்கிக்கிட்டார். அதை உன்னால பாக்க முடியல. அவர் தண்ணி கேட்டுக் குடிக்கற இடத்துல இருக்கணும்னு நினைச்சே. நீ அவருக்கு மறுபடி பொண்ணா இருக்கணும்னு நினைச்சே. என்கிட்ட கேக்கல. ஏன்னா, அதுக்கு முன்னாடி நீ கேட்ட ஒவ்வொரு தடவையும் நான் ஷிஃப்ட்ல இருக்கேன்னு போனை வச்சுட்டேன்.”

“கடைசியா சொன்னதை நான் சொல்லலையே” என்றாள் தங்கை.

“நீ சொல்லல. சொன்னவங்களைவிட நல்லா சொல்லணும். அதான் அங்க வழக்கம்.”

தங்கை முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “ஆமா” என்றாள். “அதான்.”

வாங்க வேண்டியதை வாங்கியாயிற்று. போயிடுவேன் என்று சொன்னவள் எழுந்திருக்கவில்லை. அப்பா சாயங்காலங்களில் என்னவெல்லாம் பேசினார் என்று கேட்டாள். தங்கை சொல்லச் சொல்ல, இருட்டும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

அரங்கம் நிறைந்திருந்தது. தோற்றவர் மறுபடி ஏறுகிற மேடைக்கு எப்போதும் கூட்டம் அதிகம். நடுவர்கள் மூன்று பேர்: அதாவது ஃபாதர், நூலகத்துச் சிஸ்டர், காதில் கருவி மாட்டிய முதிய துணைவேந்தர் ஃபாதர். லேத் பட்டறைக்காரர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து இரண்டாம் வரிசையில் இருந்தார். கடைசி வரிசையில் தங்கை.

கண்ணாடி தன் எதிர்வாதத்தைச் சொன்னாள். டபுள் பெல் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை. தேவைப்படும் கவனிப்பைப் பற்றிச் சொன்னாள், நடுங்குகிற கையைப் பற்றிச் சொன்னாள், தாகத்தை அடக்கிக்கொள்கிற ஒருவரைப் பற்றிச் சொன்னாள். யார் எவர் என்று சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் கண்ணாடி எழுந்து நின்றாள்.

“ஆமாம்” என்றாள். “அதுதான் நான் சொன்னது. நான் இவ்வளவு நல்லா சொல்லல.”

அரங்கில் சின்னதாக ஒரு கைதட்டல் எழுந்து அடங்கியது. பட்டம் இனி ஓரடி தூரத்தில். இவ்வளவு பேசத் தெரிந்தவளுக்கு மறுத்துப் பேசத் தெரியாதா? அவளிடம் தயாராக இருந்த பதில்களைக் கேண்டீனே அறியும்.

“இப்போ மறுக்கலாம்” என்றார் அதாவது ஃபாதர்.

“மறுக்க முடியல ஃபாதர்” என்றாள் டபுள் பெல். “நான் எழுதிக் குடுத்த கூற்று தப்பு. பெத்தவங்களை இன்னொருத்தர் கையில ஒப்படைக்கறது குத்தமில்ல. ஒப்படைச்ச இடத்துக்குப் போகாம இருக்கறதுதான் குத்தம். ஒருத்தி ஒப்படைச்சுட்டுத் தினம் போனா. இன்னொருத்தி ஒப்படைக்கவும் இல்ல, போகவும் இல்ல. நான் நியாயம் பேசிக்கிட்டே வெளிய நின்னுட்டேன்.”

“அப்போ உங்க கூற்றைக் கைவிடறீங்களா?” என்றார் துணைவேந்தர்.

“கைவிடல ஃபாதர். திருத்தறேன்.”

திருத்துவதற்கு அங்கே விதி எதுவும் இல்லை. கூற்றைக் காப்பாற்றினால் தேர்ச்சி, கைவிட்டால் தோல்வி. நடுவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பக்கத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

தாழ்வாரத்துப் பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்தாள். பழைய துணைவேந்தர்கள் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அத்தனை பேர் முன்னாடி அது தேவையாக்கா?”

“பேரையா சொன்னேன்?”

“மாமா அழுதுட்டார்.”

“அவருக்குத் தூசி அலர்ஜி.”

அறைக்குள்ளிருந்து துணைவேந்தரின் குரல் உரக்கக் கேட்டது: “இல்லை, நான் அப்படிச் சொல்லவில்லை!” பிறகு சிஸ்டரின் குரல்; பிறகு, “அதாவது...” பிறகு மறுபடி, “இல்லை!” உள்ளேயும் அதே வழக்கம்தான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்லி ஆமா வாங்காமல் மேலே போக முடியாது. அதிலும் துணைவேந்தருக்கு எதையும் இரண்டு தடவை சொல்ல வேண்டும். அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தது யார் என்று பிறகு இருவராலும் சொல்ல முடியவில்லை. கேண்டீன்காரர் கடையைச் சாத்திவிட்டு வந்து, “இன்னுமா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் கதவு திறந்தது. அதாவது ஃபாதர் வியர்த்துப்போய் வெளியே வந்தார். “அதாவது, முடிவு என்னன்னா...”

“ஃபாதர், ஃபாதர்” என்று டபுள் பெல் கையைக் காட்டித் தடுத்தாள். “முடிவை இப்போ சொல்லாதீங்க. உள்ள யார் என்ன சொன்னாங்க, அதுக்கு யார் என்ன சொன்னாங்க, எல்லாத்தையும் ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க.”

ஃபாதர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். விதியை மீறக்கூடாது என்று துணைவேந்தர் சொன்னதையும், உண்மையைத் தேடத்தானே விதி என்று சிஸ்டர் கேட்டதையும், தான் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்ததையும், கடைசியில் துணைவேந்தர் தன் கட்சியைச் சிஸ்டர் வாயால் கேட்டுவிட்டு, ‘ஆமாம், அதுதான் நான் சொன்னது, ஆனால் இப்போது கேட்டால் அது அவ்வளவு சரியாகப் படவில்லை’ என்று சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னார். டபுள் பெல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தனக்குப் பட்டம் உண்டு என்பதை, அந்த நீண்ட பேச்சின் வாலாக, கடைசியில்தான் தெரிந்துகொண்டாள்.

*

பட்டத்தை வைத்து அவள் என்ன செய்தாள் என்று கேட்டால், கணவரின் கேள்விக்குச் சொன்ன பதில்தான். எதுவும் செய்யவில்லை. நூலகத்தில் போய் உட்காருவாள். தெருவில் சண்டை மூண்டால் நடுவில் போய் நின்று, “இரு, அவ என்ன சொன்னான்னு நீ சொல்லு பாப்போம்” என்பாள். பாதிச் சண்டை அங்கேயே சிரிப்பாகிவிடும். வாரத்தில் ஒருநாள் தங்கையோடு முதியோர் இல்லத்துக்குப் போவாள். பார்க்க யாரும் வராதவர்களின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவர்கள் சொல்கிற கதையை வால் வரைக்கும் கேட்டுவிட்டு வருவாள். உப்பு கம்மி என்றால் உப்பை எடுத்துக் கொடுப்பாள்.

சில வருஷங்களுக்குப் பிறகு அவளுக்கே உடம்பு விழுந்தது. முதுகுத்தண்டில் ஏதோ வளர்ந்து கால்கள் போயின. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்றார்கள். அந்த இல்லத்தில் சேர்த்துவிடு என்று தங்கையிடம் கேட்டாள்.

“என் வீடு கீழ்த்தளம்தானே?” என்று தங்கை பொங்கினாள். “நான் செத்தா போயிட்டேன்? ஒருதடவை செஞ்சுட்டுப் பட்டது போதும். மாட்டேன்.”

“முதல்ல நான் என்ன சொல்றேன்னு சொல்லு. அப்புறம் மாட்டேன்னு சொல்லு.”

“நல்லா சொல்றேன். நான் உன்னையும் கீழ போட்டுடுவேன்னு பயப்படற.”

“இல்ல.”

“மாமாவுக்கு முடியாது, அவரைக் கஷ்டப்படுத்தக் கூடாதுன்னு பாக்கற.”

“அது கொஞ்சம். முழுசா இல்ல.”

லேத் பட்டறைக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். தங்கை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது எடையே இல்லாமல் இருந்தது.

“நான் வரும்போது உன்னைத் துடைக்க வர்றவளா வரக்கூடாது” என்றாள். “தங்கச்சியா வரணும். பக்கத்துல உக்காந்து பேசணும். அப்பாகிட்ட பேசின மாதிரி. நடுவுல எத்தனையோ வருஷம் நாம பேசாம விட்டுட்டோம். இருக்கற நாளை அதுக்கு வச்சுக்கணும்னு நினைக்கற.”

“ஆமா” என்றாள் டபுள் பெல். “அதான்.”

இப்போது மறுத்துப் பேசுவது தங்கையின் முறை. அவள் எதுவும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அக்கா கையை மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள்.